மலைக்காற்றுக்கு எந்த அலுமினியம்?

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் பேருந்தில் சன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முந்தலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும்போது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். கீழே மாந்தோப்பும் சுள்ளென்ற வெயிலும். மேலே ஏலத்தோட்டமும் மூடுபனியும். ஒரு மணி நேரத்திற்குள் இரண்டு விதமான தட்பவெப்பத்தைப் பார்த்துவிடலாம்.

இந்தப் பாதையில் அலுமினியத்தை மட்டும் தனியாகக் கவனித்துக்கொண்டே செல்லுங்கள். கடைகளின் சன்னல் சட்டங்கள், ஜீப்பின் கூரைமேல் கட்டிய மிளகு பறிக்கும் ஏணிகள், தோட்டத்தில் மருந்து தெளிக்கும் கருவிகளின் நீண்ட குழாய்கள் ஆகியவை கண்ணில் படும். சில சட்டங்கள் பல ஆண்டுகள் கழித்தும் புதிதுபோல் இருக்கும். வேறு சிலவற்றில் வெள்ளைப் பொடி பூத்து, தொட்டால் சொரசொரக்கும். கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே ‘அனோடைஸ் செய்த சரக்கு’ என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அனோடைஸ் செய்தவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ஓரிடத்தில் நன்றாக உழைப்பது இன்னோரிடத்தில் உழைக்கும் என்ற உறுதியும் இல்லை. உங்கள் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ ஒரு பொருள் வாங்க நேர்ந்தால் எதைக் கேட்டு வாங்குவீர்கள்?

தானே போட்டுக்கொள்ளும் சட்டை

அலுமினியம் வீரியமான உலோகம். காற்றில் பட்ட மறுகணமே ஆக்சிஜனுடன் சேர்ந்துவிடும். அவ்வாறு உண்டாகும் அலுமினியம் ஆக்சைடு ஒரு மெல்லிய படலமாகப் பரப்பின்மேல் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்றிலிருந்து மறைத்துவிடுகிறது. இரும்பின் துரு உதிர்ந்துபோகும், இது உதிராது. ஆனால் இதன் தடிமன் 2 முதல் 4 நானோமீட்டர்தான். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வீட்டுக்குள் இருக்கும் பாத்திரத்துக்கு இந்தச் சட்டை போதும். மழையிலும் பனியிலும் நாள்கணக்கில் நனைந்து கிடக்கும் சட்டத்துக்குப் போதாது.

அப்படியானால் அந்தப் படலத்தை நாமே தடித்ததாக வளர்த்துவிடலாமே! அதுதான் அனோடைசிங். தமிழில் நேர்மின்முனையாக்கம் எனலாம். நீர்த்த கந்தக அமிலத்தில் அலுமினியப் பொருளைத் தொங்கவிட்டு, அதை மின்கலத்தின் நேர்முனையோடு இணைக்கிறார்கள். மின்னோட்டம் பாயும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் நேர்முனைக்கு வந்து, அங்குள்ள அலுமினியத்துடன் சேர்ந்து ஆக்சைடாகிறது. முலாம் பூசும்போது வேறொரு உலோகம் வெளியிலிருந்து வந்து படிகிறது அல்லவா? இங்கே அப்படி எதுவும் வருவதில்லை. பொருளின் சொந்தத் தோலே ஆக்சைடாக மாறுகிறது. ஆகவேதான் பெயின்ட் உரிவதுபோல் இது உரிவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்சைட் என்ற தாதுவே அலுமினியம் ஆக்சைடுதான். சேர்வராயன் மலையின் பாக்சைட்டைக்கொண்டு மேட்டூரில் 1965 முதல் பல ஆண்டுகள் அலுமினியம் எடுத்துவந்தார்கள். அந்த ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் செலவாகும். அப்படிப் பாடுபட்டுப் பிரித்த ஆக்சிஜனை மீண்டும் ஒரு மெல்லிய படலமாகச் சேர்க்க இன்னும் கொஞ்சம் மின்சாரம் செலவு செய்கிறோம்!

1923-இல் இங்கிலாந்தில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர் குரோமிக் அமிலத்தில் இம்முறையைச் செய்து காட்டினர். கடல்விமானங்களின் அலுமினியக் கலவைப் பாகங்களை உப்புநீர் அரிப்பதைத் தடுப்பதே அவர்கள் நோக்கம். 1927-இல் கந்தக அமில முறை வந்தது. சன்னல் சட்டம் முதல் டார்ச் விளக்கு வரை இன்று மிகுதியாகப் பயன்படுவது அதுதான்.

எவ்வளவு நேரம், எவ்வளவு தடிமன்?

படலத்தின் தடிமனை மைக்ரானில் சொல்வது வழக்கம். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். பொருளின் பரப்பில் ஒவ்வொரு சதுர டெசிமீட்டருக்கும் (அதாவது 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட சதுரத்துக்கும்) ஓர் ஆம்பியர் பாய்ந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 மைக்ரான் வளரும் என்பது பட்டறைக் கணக்கு. வழக்கமாக 1.5 ஆம்பியர் கொடுப்பார்கள். அப்போது நிமிடத்துக்கு 0.45 மைக்ரான். 15 மைக்ரான் வேண்டுமானால் 33 நிமிடம். 25 மைக்ரானுக்கு 55 நிமிடம். 50 சதுர டெசிமீட்டர் பரப்புள்ள ஒரு சட்டத்துக்கு 75 ஆம்பியர் தேவை. மின்னழுத்தம் 16 வோல்ட் என்று கொண்டால், 33 நிமிடத்தில் எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் 0.66 யூனிட் என்று விடை வர வேண்டும்.

பத்தே நிமிடத்தில் பொருளை வெளியே எடுத்துவிட்டால் படலம் 5 மைக்ரானைக்கூட எட்டாது. ஆனாலும் பார்வைக்கு 15 மைக்ரான் போலவேதான் இருக்கும். ஏமாற்று நுழையும் இடம் இது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1868 என்ற விதி ஏ.சி. 5, ஏ.சி. 10, ஏ.சி. 15, ஏ.சி. 25 என்று தரம் பிரித்திருக்கிறது. எழுத்துகளுக்குப் பின் வரும் எண் சராசரித் தடிமனை மைக்ரானில் குறிக்கும். ‘அனோடைஸ் செய்தது’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் இந்த எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்குவது நல்லது.

தடிமன் மட்டும் போதுமா? அமிலத்தின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். அமிலம் ஒரு பக்கம் ஆக்சைடு வளர இடம் கொடுக்கிறது. மறுபக்கம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கவும் செய்கிறது. தொட்டி 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் வளர்ச்சியே மேலோங்கும். பாயும் மின்சாரமே தொட்டியைச் சூடாக்கும். அதோடு சித்திரை வெயிலும் சேர்ந்தால் குளிர்விக்கும் இயந்திரம் இல்லாமல் வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாது. அந்த இயந்திரத்தின் மின்செலவை மிச்சப்படுத்தும் பட்டறையில் படலம் மெத்தென்று வளரும். அளவு சரியாக இருக்கும். கையால் தேய்த்தால் சுண்ணத்தூள்போல் வெள்ளையாக ஒட்டும்.

துளைகளும் மூடியும்

இந்த ஆக்சைடுப் படலம் கண்ணாடிபோல் கெட்டியானது என்று நினைத்துவிடாதீர்கள். 1953-இல் கெல்லர், ஹன்டர், ராபின்சன் ஆகிய மூவர் இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். தேன்கூடுபோல் அறுகோண அறைகள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொரு அறையின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு நுண்துளை. கந்தக அமில முறையில் ஓர் அறையின் அகலம் சுமார் 40 நானோமீட்டர். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது உங்கள் விரல் நகத்தளவு இடத்தில், ஏறத்தாழ 7,000 கோடித் துளைகள்!

துளைகளால் ஒரு நன்மை உண்டு. அவற்றில் சாயத்தை ஊறவைத்து வேண்டிய வண்ணம் ஏற்றலாம். ஆனால் சாயம் நுழையும் வழியில் அழுக்கும் உப்பும் மழைநீரும்கூட நுழையும். ஆகவே கடைசியில் துளைகளை மூடியாக வேண்டும். பொருளைக் கொதிநிலையை ஒட்டிய தூய நீரில் போட்டால், துளைச்சுவரிலுள்ள ஆக்சைடு நீரை ஏற்றுப் பருத்து, போமைட் என்ற நீரேறிய ஆக்சைடாக மாறித் துளையை அடைத்துவிடும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையில் இறுகிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைக்ரானுக்கு மூன்று நிமிடம் என்பது கணக்கு. 15 மைக்ரானுக்கு 45 நிமிடம். நீரின் வெப்பநிலை 96 டிகிரிக்குக் குறையக்கூடாது.

இங்கேதான் மலை குறுக்கிடுகிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைவதாகக் கொள்ளலாம். போடிநாயக்கனூரில் நீர் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். போடிமெட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த தொட்டியில் வெப்பநிலை ஏறாது. ஆக, மலையுச்சியில் யாராவது அனோடைசிங் பட்டறை வைத்தால், கொதிநீரால் துளைகளைச் சரியாக மூட முடியாது! நீராவியை அழுத்தத்தோடு செலுத்த வேண்டும். அல்லது அறை வெப்பநிலையிலேயே நிக்கல் ஃபுளோரைடு கரைசலால் மூடும் முறையைக் கையாள வேண்டும். மலைக்குத் தேவையான சட்டத்தைச் சமவெளியில் செய்து மேலே கொண்டுபோவது எளிது.

மூடாத 25 மைக்ரானைவிட நன்றாக மூடிய 15 மைக்ரான் அதிக நாள் உழைக்கும். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் தடிமனில் சிறிது விட்டுக்கொடுக்கலாம். மூடுவதில் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

சன்னல் சட்டம்

இனி மலைவீட்டுச் சன்னலுக்கு வருவோம். அதன் பகைவர்கள் யார்? வெயில், மழை, பனி. உப்புக்காற்று இல்லை, ஆலைப்புகையும் அதிகமில்லை. மழை அடிக்கடி கழுவிவிடுவதும் நல்லதே. உப்பு எவ்வளவு கொடியது என்று பார்க்க மண்டபம் கடற்கரைக்குப் போக வேண்டும். காரைக்குடியில் 1953-இல் தொடங்கிவைக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோகத் தகடுகளை மண்டபத்தின் கடற்காற்றில் நிறுத்தி அரிமானத்தை ஆராய்ந்து வந்திருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனி ஆக்சைடுப் படலத்தின் நலிந்த இடங்களைத் தேடித் துளைத்துவிடும். அங்கே 25 மைக்ரான் வேண்டும். மலைச்சன்னலுக்கு 15 போதும்.

வண்ணம் ஏற்றுவதானால் கவனம் தேவை. கரிமச் சாயங்கள் பலவும் வெயிலின் புறஊதாக் கதிர்பட்டு வெளுக்கும்; உயரமான இடத்தில் அக்கதிர் இன்னும் கடுமை. துளையின் அடியில் வெள்ளீயம் போன்ற உலோகத்தை மின்சாரத்தால் படியவைத்து நிறம் தரும் முறை ஒன்று உண்டு. அதில் வெண்கலப் பழுப்பு முதல் கறுப்பு வரை கிடைக்கும். உலோகத்துகள் வெயிலுக்கு வெளுக்காது. சிவப்பும் நீலமும் ஆசையாக இருந்தால் அவற்றை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பகைவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்: பொங்கலுக்கு அடிக்கும் சுண்ணாம்பு. அலுமினியம் ஆக்சைடு ஈரியல்பு உடையது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். மதிப்பு 12-ஐத் தாண்டும். சட்டத்தில் தெறித்த துளியை உடனே ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அழியாத வெண்புள்ளி விழும். சிமென்டும் அப்படியே.

ஏணி

ஏலமலையில் சில்வர் ஓக் போன்ற நெடுமரங்களில் மிளகுக்கொடி ஏற்றுகிறார்கள். பறிப்பதற்கு மூங்கில் ஏணிக்குப் பதிலாக அலுமினிய ஏணி வந்துவிட்டது. அனோடைஸ் செய்யாத ஏணியைப் பிடித்தால் கை கறுக்கும். உராய்வில் மெல்லிய படலமும் அதன்கீழுள்ள உலோகமும் தேய்ந்து கையில் ஒட்டுவதே காரணம்.

‘தேய்மானம் என்றால் மிகக் கடினமான படலத்தைப் போடலாமே?’ என்று நீங்கள் கேட்கலாம். அப்படி ஒன்று இருக்கிறது. அமிலத்தைப் பூஜ்ய டிகிரியை ஒட்டிக் குளிர்வித்து, மிகுந்த மின்னோட்டம் செலுத்தினால் 50 மைக்ரான் தடிமனுள்ள கடினப் படலம் கிடைக்கும். சன்னல் சட்டத்துக்குப் பயன்படும் சாதாரண அலுமினியக் கலவையின் விக்கர்ஸ் கடினத்தன்மை எண் சுமார் 75. இந்தப் படலத்துக்கோ 350 முதல் 450 வரை. கறுப்பு நிறச் சமையல் பாத்திரங்களில் நீங்கள் பார்ப்பது இதுதான். கப்பி, பம்பின் உருளை போன்று ஒன்றோடொன்று உராயும் பாகங்களுக்கு இது மிகப் பொருத்தம்.

ஆனால் ஏணி வளைந்து கொடுக்கும் பொருள். ஆக்சைடு வளையாது, வெடிக்கும். தடித்த படலத்தின் வெடிப்பு அடியிலுள்ள உலோகத்திற்குள்ளும் பரவ இடமுண்டு. ஆள் ஏறும் பொருளில் அந்தச் சோதனை வேண்டாம். சாதாரண முறையில் 10 முதல் 15 மைக்ரான் உள்ள ஏணியே போதும்.

ஏணியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ‘அப்படியானால் அனோடைஸ் செய்த ஏணி மின்கம்பியில் பட்டாலும் ஆபத்தில்லையே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 15 மைக்ரான் படலம் நல்ல நிலையில் சில நூறு வோல்ட்டைத் தாங்கலாம். தோட்டங்களின் வழியே போகும் உயரழுத்தக் கம்பியில் இருப்பது 11,000 வோல்ட். போதாததற்கு, வெட்டிய முனையிலும் ஆணித்துளையிலும் கீறலிலும் படலமே கிடையாது. அலுமினிய ஏணியும் தோட்டியும் கம்பியில் பட்டுப் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். கம்பிக்கு அருகே அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே கூடாது.

கடையில் எப்படிச் சோதிப்பது?

படலம் இருக்கிறதா என்று அறிய இரண்டு பேனா பேட்டரியும் ஒரு டார்ச் பல்பும் போதும். இரு கம்பி முனைகளையும் பரப்பின்மேல் அழுத்தாமல் வையுங்கள். பல்பு எரிந்தால் அது வெறும் உலோகம். எரியாவிட்டால் ஏதோ ஒரு காப்பு இருக்கிறது. அது பெயின்ட்டாகவும் இருக்கலாம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அனோடைஸ் படலம் நகத்துக்கு அசையாது.

துளைகள் மூடியிருக்கின்றனவா என்று பார்க்க, நிறம் ஏற்றாத துண்டின்மேல் ஒரு சொட்டுச் சிவப்பு மை விட்டு, ஐந்து நிமிடம் கழித்துச் சோப்பு நீரால் கழுவுங்கள். கறை போய்விட்டால் நன்று. போகாவிட்டால் மை துளைக்குள் இறங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அமிலத்துளி விட்டபின் சாயம் வைத்துச் சோதிப்பார்கள், தத்துவம் ஒன்றுதான். தடிமனை மட்டும் இப்படி அறிய முடியாது. அதற்குச் சுழல் மின்னோட்டத் தத்துவத்தில் இயங்கும் சிறு அளவி உண்டு; பெரிய விற்பனையாளர்களிடம் கேட்டால் வைத்துக் காட்டுவார்கள்.

மருந்து தெளிக்கும் கருவி

இறுதியாக, மலையிலேயே மிகக் கடினமான கேள்வி. மழைக்காலத்தில் ஏலச்செடியைத் தாக்கும் அழுகல் நோய்க்கு ஒரு சத போர்டோ கலவை தெளிக்கிறார்கள். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். பிரான்சு நாட்டுப் போர்டோ பகுதியின் திராட்சைத் தோட்டங்களில் பிறந்து, 1885-இல் மில்லார்டே என்பவரால் உலகுக்குத் தெரியவந்த கலவை இது. இதை அலுமினியத் தொட்டியில் கரைக்கலாமா? அனோடைஸ் செய்திருந்தால்?

ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடிக் கோப்பையில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, ஓர் அலுமினியத் தாள் துண்டைப் போடுங்கள். சிறிது நேரம் எதுவும் நடவாததுபோல் இருக்கும், ஆக்சைடு காத்துக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைச் சேருங்கள். குமிழிகள் எழும், கோப்பை சூடாகும், தாள் கிழிந்து, சிவந்த செம்பு படியும். குளோரைடு படலத்தைத் துளைத்தது. செம்பு அயனி உலோகத்தைத் தொட்டது. அலுமினியத்துக்கும் செம்புக்கும் இடையே திட்ட மின்னழுத்த வேறுபாடு 2 வோல்ட். படிந்த செம்பு ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்கலமாகிப் பக்கத்திலுள்ள அலுமினியத்தைத் தின்னும். (கரைசல் நச்சுத்தன்மை உடையது, கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.)

போர்டோ கலவையில் இரண்டு பகைவரும் கைகோத்து வருகிறார்கள். சுண்ணாம்பு மிகுந்தால் அதன் காரம் படலத்தைக் கரைக்கும். சுண்ணாம்பு குறைந்தால் தனிச் செம்பு அயனி மிஞ்சி, படலத்தின் ஓட்டைகளில் புகும். இந்தச் செம்பு மிஞ்சுகிறதா என்று அறிய விவசாயிகள் ஒரு நல்ல சோதனை வைத்திருக்கிறார்கள். தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுப்பார்கள். கத்தியில் செம்பழுப்பு படிந்தால் செம்பு மிஞ்சியிருக்கிறது, இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். உங்கள் கோப்பையில் அலுமினியத்துக்கு நடந்ததே அங்கே இரும்புக்கு நடக்கிறது.

எனவே இந்த வேலைக்கு 25 மைக்ரானும் உதவாது, கடினப் படலமும் உதவாது. மலையில் இப்போது முதுகில் சுமக்கும் தெளிப்பான்களின் தொட்டி பிளாஸ்டிக்கில் வருவது சரியான தேர்வு. கலவையைக் கரைக்கவும் பிளாஸ்டிக் அல்லது மண் தொட்டியே நல்லது. தெளிக்கும் குழாய் அலுமினியமாக இருந்துதான் தீரும் என்றால், மருந்து அதன் உள்ளே நேராகப் பாயாதபடி பிளாஸ்டிக் குழலைச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். பித்தளை மூக்கைப் பொருத்துமிடத்தில் நைலான் வளையம் போடச் சொல்லுங்கள். பித்தளையிலும் செம்பு இருக்கிறது. தெளித்து முடித்த அன்றே குழாயின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவித் தலைகீழாகத் தொங்கவிட்டால், காய்ந்த கலவை இரவுப் பனியில் மீண்டும் கரைந்து வேலையைத் தொடங்க வழி இருக்காது.